உலோக வேரும் முரசு நோயும்

ஒல்லாந்தில் துணி வணிகராயிருந்து, தாமே கண்ணாடி வில்லைகளைத் தீட்டி நுண்ணுயிர்களைக் கண்டவர் லீவன்ஹூக். தமது பல்லிடுக்கிற் படிந்திருந்த வெண்ணிறப் படிவைச் சுரண்டிப் பார்த்து, அதிலே சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதை 1683 இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். அவர் கண்ட இன்னொரு செய்தியைப் பலர் அறியார். வினாகிரி அவ்வுயிர்களைக் கொல்லும். ஆயின் வினாகிரியால் வாயைக் கொப்பளித்தபோது மேலே கிடந்தவை மாத்திரமே மடிந்தன. படிவின் உள்ளே இருந்தவை தப்பிக்கொண்டன.

இதனை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பல்லிழந்த இடத்தில், தாடையெலும்பினுள்ளே தைத்தேனியத் திருகாணியைப் பதித்து அதன்மேற் பல் பொருத்தும் சிகிச்சையை இன்று நம்மவரும் நாடுகின்றனர். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க் 1965 இல் அதனை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். உலோகத்துக்குச் சூத்தை ஏது என்பார்கள். உண்மைதான், அரிக்கப்படுவது உலோகமன்று, அதைத் தாங்கும் எலும்பு.

இயற்கைப் பல்லின் வேரினுள்ளே முரசின் நார்கள் புகுந்து அரண்போல நிற்கின்றன. உலோகத்தினுள் அவை புகமாட்டா. பக்கத்தே அணைந்து கிடக்கும். ஆதலாற் கிருமி கீழிறங்குதல் எளிது. முரசு சிவந்து இரத்தம் கசியும் அளவில் நோயைக் கண்டு, படிவை நீக்கினால் அது பெரும்பாலும் மாறிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் இழந்தது முழுமையாக மீள்வது அரிது. நோவோ பலருக்கு இராது. வஞ்சகம் அங்கேதான் இருக்கிறது.

அன்ரிபயோட்டிக் குளிசையை விழுங்கி, வீக்கம் வற்றியதென்று மகிழ்வோரை நாம் அறிவோம். அன்று வினாகிரிக்கு நேர்ந்ததே இக்குளிசைக்கும் நேர்கிறது. படிவைச் சுரண்டி எடுத்தேயாக வேண்டும். திருகாணியின் புரிகளுக்கிடையே கருவி எட்டாவிடின், முரசை விலக்கிச் சத்திரசிகிச்சையாற் துப்புரவு செய்வர். அதற்கும் அடங்காவிடின் திருகாணியையே கழற்ற நேரும். செலவிட்ட பணத்தை எண்ணுவோருக்கு இது சிறு நட்டமன்று.

புகைப்பிடிப்போரும் நீரிழிவு கட்டுப்படாதோரும் கூடிய ஆபத்துக்குள்ளாவர். முரசு நோயாற் பல்லிழந்தோரோ, பழைய கிருமி குடியிருந்த வாயிலேயே புதுப்பல்லை நடுகின்றனர். வீட்டிலே இத்தகைய பல்லுடைய பெரியவர் இருப்பின், துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று இளையோர் கேட்டுப் பார்க்கலாம். வருமெனில், நோவு வரட்டும் என்று காத்திராது பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எலும்பின் நிலையை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டிவிடும்.