கொட்டு நின்ற பிறகு

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், பங்குனி பிறந்தது முதல் ஆடி முடியும் வரையில், மேலூர்ப் பக்கமாயினும் உசிலம்பட்டிப் பக்கமாயினும் திருமங்கலத்துக்குத் தெற்கேயாயினும், ஏதேனும் ஓர் ஊரில் ஏதேனும் ஓர் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, பகலில் நையாண்டி மேளமும் இரவில் பாட்டுக் கச்சேரியோ வள்ளி திருமண நாடகமோ நடவாத நாள் மிகவும் அரிது. சங்கீத ரசிகர் என்றவுடன் மார்கழி மாதத்துச் சென்னைச் சபைகளையும் அங்கே தொடையில் தாளம் போடும் பெரியவர்களையும் மாத்திரம் நினைக்கும் பழக்கமுள்ளவர்கள், மண் தரையில் பாய் விரித்து விடிய விடியக் கேட்கும் இந்த ஜனங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் எண்ணிக்கையால் பார்த்தாலும் ஈடுபாட்டால் பார்த்தாலும் தமிழ்நாட்டின் பெரிய ரசிகர் சமூகம் இவர்களே. இவர்களிடையே சித்தம் கலங்கிய ஒருவருக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பதைச் சற்று விசாரிக்கலாம்.

பகற்பொழுதை முதலில் எடுத்துக்கொள்வோம். கரகம் வரும் வழியில் தவிலும் பம்பையும் வேகம் பிடித்து, உறுமியின் தோலில் வளைந்த குச்சி தேய்ந்து அந்த அடித்தொண்டைக் குமுறல் எழும்பும் தருணத்தில், அதுவரையில் இடுப்புக் குழந்தையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தேகம் நடுங்கத் தொடங்கினால், அந்தக் கூட்டம் செய்கிற காரியங்களை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். குழந்தையை ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள். சேலை நழுவாதபடி மூதாட்டி ஒருத்தி துண்டை எடுத்து அவள் இடுப்பில் இறுகக் கட்டுகிறாள். இரண்டு பேர் பின்னால் நின்று, அவளைப் பிடிக்காமலும் விடாமலும் கைகளை விரித்துக் காவல் இருக்கிறார்கள். கொட்டுக்காரர் தம் தோழரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்து வாசிக்கிறார். அவள் வேகம் கூடினால் தாமும் கூட்டி, கால் தளர்ந்தால் தாமும் தணிந்து, அவளைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். அவளுக்குத் தாத்தா முறையாகும் ஒருவர், மற்ற நாட்களில் அவள் எதிரே வந்தாலும் ஏறிட்டுப் பாராதவர், கைகட்டி முன்னே வந்து, “ஆத்தா, என்ன கொற? எதுனாலும் சொல்லு ஆத்தா, செஞ்சிருவோம்” என்கிறார். வருஷம் முழுவதும் அவளிடம் ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. கணவனின் குடியும், பங்காளிப் பகையும், கருவிலே போன பிள்ளையும் அம்மன் வாக்காக வெளியே வருகின்றன. ஒருவரும் சிரிப்பதில்லை. விபூதி பூசி, தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்கார்த்திவைக்கிறார்கள். நினைவு திரும்பிய பிறகு அவள் ஆடியதைச் சொல்லிக்காட்டி அவளை நாணச் செய்வதும் இல்லை.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலே, சமயச் சடங்கின் வரம்புக்குள், சமூகம் ஒப்புக்கொண்ட முறையில் வரும் ஆவேச நிலையை வியாதியாகக் கொள்வதில்லை. ஒருவருடைய இஷ்டத்துக்கு விரோதமாக, அந்த வரம்புக்கு வெளியே அது வந்து துன்புறுத்தும்போதே அதற்கு வியாதிப் பெயர் சூட்டுகிறது. ஆகையால் அருள் வந்து ஆடுகிறவளை நோயாளி என்பது வைத்திய சாஸ்திரத்துக்கே பொருந்தாத பேச்சு. ஆனால், உறுமிச் சத்தம் எல்லாக் கலக்கத்தையும் தீர்த்துவிடும் என்று நகரத்து மேடைகளிலே நாட்டுப்புறக் கலையைப் போற்றிப் பேசும் கனவான்களையும் நான் நம்புவதற்கில்லை. அந்தப் பெண்ணின் கணவன் மறுநாளும் குடிக்கத்தான் போகிறான். நான் இங்கே வியப்பது வாத்தியத்தின் சக்தியை அன்று. வாத்தியம் ஒலிக்கும் வரையில் அந்த ஜனங்களுக்கு வாய்க்கும் நடத்தையை. நிலைகுலைந்த ஒருவரிடத்தில் எப்படி நிற்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், பின்னர் எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதெல்லாம், எந்தக் கல்லூரியிலும் வாசிக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஞானம் அன்று இரவு வரையில்கூட நிலைப்பதில்லை என்பதே என் குறை. இரவு பத்து மணிக்கு அதே ஜனங்கள் அதே திடலில் வந்து அமர்கிறார்கள். நாடகமானால் ஹார்மோனியக்காரர் பாடி முடித்ததும் பபூன் வருகிறார். பாட்டுக் கச்சேரியானால் இரண்டு பாட்டுக்கு நடுவே பலகுரல் கலைஞர் வருகிறார். யார் வந்தாலும் அரைமணி நேரத்துக்குள் பைத்தியக்காரன் வேஷம் ஒன்று உண்டு. வாயைக் கோணி, சட்டையைத் தலைகீழாக மாட்டி, கீழ்ப்பாக்கத்திலிருந்து தப்பி வந்தவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திடல் அதிர்கிறது. 1794ஆம் வருஷத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரி மரபு ஒன்றின் வாரிசாகச் சென்னையில் இருக்கும் அந்த மனநல நிலையத்தை இவர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டவர்கள் அல்லர். சுமார் 450 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு பேட்டையின் பெயர், சினிமாவின் தயவால், நம் கிராமத்துக் குழந்தைக்கும் வசையாகப் பாடமாகியிருக்கிறது.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் ஏதேனும் ஒரு மனோவியாதியால் வருந்துகிறார்கள். மனச்சோர்வு, பதற்றம் முதலான சாதாரண வகைகளில் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே கிட்டுவதில்லை. அந்த விகிதம் நம் ஊர்த் திடலுக்கும் பொருந்துமானால், ஆயிரம் பேர் கூடி அந்த வேஷத்துக்குச் சிரிக்கும்போது, அவர்களுள் நூறு பேர் தங்களைப் பார்த்தே சிரிக்கிறார்கள். வீட்டுக்குள் மகனைப் பூட்டிவைத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி அங்கே இருந்தாலும் அவளும் சிரித்தே ஆக வேண்டும். சிரிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். பபூனை மட்டும் குற்றம் சொல்வது எளிது. விடியும் வரையில் தூங்காமல் ஒரு திடலை விழித்திருக்கச் செய்வதற்குக் கூலி பெறும் அந்த மனிதர், எதற்குச் சிரிப்பு வருகிறதோ அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்.

நள்ளிரவுக்கு மேல் கச்சேரிக்கு வேறு ஒரு முகம் உண்டு. பெண்களும் குழந்தைகளும் பாதிப்பேர் எழுந்துபோன பிறகு, மேடைக்குத் துண்டுச் சீட்டுகள் வரத் தொடங்குகின்றன. ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ சேர்த்து மடித்து, இன்ன பாட்டு வேண்டும் என்று இளைஞர்கள் எழுதியனுப்பும் அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை, பண்ணைப்புரத்து இளையராஜா மெட்டமைத்த சோகப் பாட்டுகளையே கேட்கின்றன. பாட்டுத் தொடங்கியதும், மீசை முளைத்துப் பத்து வருஷமான ஆண்கள் வெளிப்படையாக அழுகிறார்கள். தோழன் ஒருவன் தோளில் கை போட்டு, “விடுடா மாப்ள” என்று தேற்றுகிறான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற சட்டம் பகலெல்லாம் அமலில் இருக்கும் ஒரு பிரதேசத்தில், இந்த ஒரு மணி நேரத்துக்கு அது ஒத்திவைக்கப்படுவது சாமானியமான விஷயம் அன்று. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: குடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடித்திருந்ததாகவேனும் மறுநாள் ஒப்புக்கொள்ள வேண்டும். விடிந்ததும், டீக்கடையில் அந்தத் தோழன், “நேத்து ஓவராப் போயிருச்சு போல” என்று சொல்லிச் சிரிப்பான். அழுதவனும் சேர்ந்து சிரிப்பான். எதற்காக அழுதான் என்ற விசாரணை அந்தச் சிரிப்போடு தீர்ந்துபோகும். மூன்று மாதமாக உறக்கமில்லாமல் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு, அடுத்த ஊர்ப் பொங்கல் வரையில் அவன் காத்திருக்க வேண்டும்.

பாடுகிறவர்களின் துக்கத்தை ரசிகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதிலும் இதே இரட்டை முறை தெரிகிறது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் தம் இருபத்தேழாவது வயதில் மறைந்தார். மதுப்பழக்கம் அவர் தேகத்தை அரித்திருந்தது. இருபத்தைந்து வயதில் அவரை இழந்த அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தி, நகை துறந்து, இனி எந்த நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். லட்ச ரூபாய் ஊதியம் பேசப்பட்ட ‘நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றதும் ஆண் வேஷம். ஸ்பெஷல் நாடகக்காரர்களின் தலைநகரமான இந்த மதுரையில் அந்த அம்மையாரின் கதையை இன்றும் பதிவிரதா தர்மத்தின் திருஷ்டாந்தமாகவே சொல்கிறார்கள். அந்த விரதத்துக்குள்ளே ஆற்றொணாத் துயரம் ஒன்று இருந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க அந்தக் காலத்து ரசிகருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றுவதில்லை. கிட்டப்பாவின் குடியைப் பற்றியோ, மேதைகள் அப்படித்தான் என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. நான் கண்டவரையில் மதுரைச் சபா ரசிகர்களும் இவ்விஷயத்தில் திடல் ரசிகர்களுக்கு மேலானவர்கள் அல்லர். அவர்கள் சிரிக்கமாட்டார்கள், காபி குடிக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், அவ்வளவே வித்தியாசம்.

ஒன்பது வயதில் தந்தையை இழந்த ஏ.ஆர். ரகுமான், தம் இருபத்தைந்து வயது வரையில் தற்கொலை எண்ணம் தம்மைத் தொடர்ந்துகொண்டிருந்தது என்று 2018இல் பகிரங்கமாகச் சொன்னார். அத்தனை பெரிய மனிதர் அப்படிச் சொன்னது பல இளைஞர்களுக்குத் துணிவு தந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் நம் ரசிகருக்கு அந்தச் செய்தி, உச்சிக்கு ஏறியவர் கடந்துவந்த பள்ளம் என்ற வகையில்தான் இனிக்கிறது. வெற்றிக்குப் பின் சொல்லப்படும் வேதனை ஆபரணமாகிவிடுகிறது. இன்னும் ஒன்றும் ஜெயிக்காத அடுத்த வீட்டுப் பையன் அதையே சொன்னால், வேலைக்குப் போகச் சோம்பல் என்கிறோம். பெயர் பெறாத கலைஞர்கள் விஷயத்திலும் அப்படியே. 2020, 2021 என்ற இரண்டு வருஷங்களிலும் கொரோனாவினால் சித்திரைத் திருவிழா பக்தர்கள் இல்லாமல் நடந்து, கிராமத்துப் பொங்கல்களும் நின்றபோது, ஒரு பருவத்து வருமானத்தை நம்பி வருஷம் கழிக்கும் தவில்காரரும் கரகக்காரரும் நாடகக்காரரும் அரிசிக்கு அலைந்தார்கள். சில இடங்களில் ரசிகர்கள் அரிசி கொடுத்தார்கள், அது நல்ல காரியம். உறக்கம் வருகிறதா என்று கேட்டவர்கள் குறைவு.

கேளாமல் விடுவதன் விலை என்னவென்று இந்தப் பிரதேசத்துக்குத் தெரியாததல்ல. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலையில் தீப்பற்றிய விடுதியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் மாண்டார்கள். இறந்தவர் தொகை 28. அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடியவர்கள் என்பது நியாயமாகாது. ஊருக்குள் வைத்துக்கொள்ள லஜ்ஜைப்பட்டவர்கள் என்பதே சரி. சங்கிலியிடுவதை 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடுத்துவிட்டது. அதைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது, ஏர்வாடி தர்காவிலேயே பின்னர் ஏற்பட்ட ஏற்பாடு: பிரார்த்தனைக்கு வருகிறவர்களைப் பிரார்த்தனையை விடச் சொல்லாமல், அங்கேயே மனநல வைத்தியர் இருந்து மருந்தும் கொடுக்கிறார். ‘தவா-துவா’ என்று அதற்குப் பெயர். ஜனங்கள் எங்கே தம் துக்கத்தை ஏற்கெனவே இறக்கிவைக்கிறார்களோ, வைத்தியம் அங்கே போக வேண்டும் என்ற யோசனை அது.

தர்காவுக்குப் பொருந்திய யோசனை திடலுக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி போன்ற பெரிய இசைவிழாக்களில், 1953இல் லண்டனில் தோன்றிய சமாரிட்டன்ஸ் என்ற தொண்டர் இயக்கத்தினர் கூடாரம் போட்டு, மனம் கனத்தவர்கள் வந்து பேசினால் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய ‘சினேகா’ அதே வழியில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவருகிறது, மதுரையிலே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலத்துக்கென்றே இயங்குகிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் ஆற்றங்கரை நெடுக நீர்மோர்ப் பந்தலும் மருத்துவ முகாமும் அமைக்கும் நகரத்துக்கு, அந்த முகாமில் ஒரு மேஜையை மனநலத்துக்கு ஒதுக்குவது பெரிய காரியமன்று. கிராமத்து விழாக் கமிட்டிக்கும் ஒரு யோசனை சொல்வேன்: கச்சேரிக்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, சாதியைச் சொல்லிப் பரிகாசம் கூடாது என்று இப்போது பல ஊர்களில் எச்சரிப்பதுபோல, பைத்தியக்காரன் வேஷமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பபூனுக்குச் சிரிப்புக்கா பஞ்சம்? ஊர்ப் பிரசிடெண்ட் ஒருவர் போதும்.

முதல் வருஷம் அந்த மேஜைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்வார்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரிய எவன் போய் உட்காருவான் என்பார்கள். உண்மைதான். அதற்காகத்தான் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணை இரவு எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழிலே பேசலாம், கட்டணமில்லை. துண்டுச் சீட்டை வாசித்து, நன்கொடை தந்தவரின் பெயரை மூன்று தலைமுறைப் பட்டத்தோடு முழங்கி, வழிமறித்து நிற்கும் வண்டியின் எண்ணைச் சொல்லி எடுக்கச் சொல்லும் அறிவிப்பாளர், நள்ளிரவுச் சோகப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குக் கீபோர்டு சுருதி மாற்றிக்கொள்ளும் இடைவெளியில் அந்த எண்ணையும் இரண்டு தரம் சொல்லட்டும். மைக் செட்டுக்கு வாடகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.