கை எட்டும் தூரம்

தொடர்கதை படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கதையில் இருக்கும் ருசியைவிட, அடுத்த இதழுக்காகக் காத்திருப்பதில்தான் ருசி அதிகம். கதாநாயகி கிணற்றங்கரையில் தனியாக நிற்கிறாள்; பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது; அங்கே 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார் ஆசிரியர். பிறகு அந்த வாரம் முழுவதும் சாம்பாருக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பது யாருக்கு நினைவிருக்கும்?

பிரான்ஸ் தேசத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இந்தத் தந்திரத்தைக் காகிதத்தில் செய்யாமல் சாலையில் செய்தார். ஆன்ரி டெக்ராஞ்ச் என்பது அவர் பெயர். அவருடைய 'லோத்தோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை, போட்டிப் பத்திரிகைக்கு முன்னால் நிற்க முடியாமல் தள்ளாடிக் கொண்டிருந்தது. "தேசத்தையே சுற்றிவரும்படி ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தினால் என்ன?" என்று அவருடைய காரியாலயத்தில் வேலை பார்த்த ஜியோ லெஃபெவர் என்ற வாலிபர் யோசனை சொன்னார். 1903-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி 60 பேர் புறப்பட்டார்கள். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். இராத்திரி, பகல் என்று பாராமல் ஓட்டிக் கடைசி வரை வந்து சேர்ந்தவர்கள் 21 பேர்தான். ஜயித்த மோரிஸ் காரேன், ஒரு காலத்தில் வீட்டுப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர்.

யார் முந்தினார், யார் விழுந்தார் என்று தெரிய வேண்டுமானால் மறுநாள் பத்திரிகை வாங்கித்தானே ஆக வேண்டும்? 'லோத்தோ'வின் விற்பனை மளமளவென்று ஏறியது. போட்டிப் பத்திரிகை அடுத்த வருஷமே கடையைக் கட்டிற்று. 'லோத்தோ' அச்சானது மஞ்சள் காகிதத்தில். 1919-ல், முன்னணியில் இருப்பவரை ஜனங்கள் அடையாளம் கண்டு கொள்ள அவருக்கு ஒரு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். 'டூர் டி பிரான்ஸ்' என்று உலகமெல்லாம் சொல்லும் பந்தயம் இதுதான்.

இப்போது இது 21 அத்தியாயங்கள் கொண்ட தொடர்கதை. 21 நாள் ஓட்டம், நடுவே இரண்டு நாள் ஓய்வு, ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் முதலில் வருகிறவருக்குத் தனிப் பரிசு உண்டு. ஆனால் எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் மஞ்சள் சட்டை. ஒரு நாள்கூட முதலாவதாக வராதவர் மொத்தப் பந்தயத்தையும் ஜயித்துவிடலாம்! சமதரையில் பாய்ந்து புள்ளிகள் சேர்ப்பவருக்குப் பச்சைச் சட்டை; மலை ஏறுவதில் சூரருக்கு வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட சட்டை; 26 வயதுக்குட்பட்டவர்களில் முதல்வருக்கு வெள்ளைச் சட்டை. இந்த நாலு நிறங்களை மனத்தில் வைத்துக் கொண்டால் போதும், கதை புரிந்துவிடும்.

இன்னொரு பாத்திரத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு கோஷ்டியிலும் எட்டுப் பேர். அவர்களில் தலைவர் ஒருவர் என்றால் மற்றவர்களில் பெரும்பாலோர் அவருக்காக உழைக்கிறவர்கள். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றை வாங்கிக் கொள்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டி வருகிறவருக்குச் சிரமம் வெகுவாகக் குறைகிறது. தலைவருக்குத் தாகம் எடுத்தால் இவர்கள் பின்தங்கி, கோஷ்டியின் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக் கொண்டு மறுபடி முன்னே வருவார்கள். பிரெஞ்சில் இவர்களுக்கு 'டொமெஸ்தீக்' என்று பெயர். வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காருகிறவர்களின் கஷ்டம் நம் வாசகிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ரசிகர்களிடம் வருவோம். கிரிக்கெட் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வேண்டும். சினிமா பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வேண்டும். இதற்கு ஒரு காசு வேண்டாம். சுவாமி வீதி உலா வருவதுபோல் பந்தயமே வீட்டு வாசலுக்கு வருகிறது. கிராமத்துப் பாட்டிமார்கள் நாற்காலியைத் தூக்கி வந்து சாலையோரம் போட்டுக் கொள்கிறார்கள். குடியானவர்கள், மேலே பறக்கும் ஹெலிகாப்டர் படம் பிடிக்கட்டும் என்று டிராக்டர்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வயலில் பெரிய சைக்கிள் சித்திரம் போடுகிறார்கள். பந்தயக்காரர்கள் வருவதற்கு ஒன்றிரண்டு மணி முன்னதாக விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வருகிறது. 1930-ல் ஆரம்பித்த வழக்கம் இது. தொப்பி, மிட்டாய், சாவி வளையம் என்று வாரி இறைத்துக் கொண்டே போவார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் ஐம்பது வயது உத்தியோகஸ்தரும் ஒரே தொப்பிக்குத் தாவும் காட்சியை அங்கே காணலாம்.

பிறகு சைக்கிள்கள் வருகின்றன. காலையிலிருந்து காத்திருந்ததற்கு என்ன கிடைக்கிறது என்கிறீர்கள்? சமதரையில் நின்றால், சங்கிலிகளின் 'கிர்ர்' என்ற ஓசை, ஒரு வர்ணப் புயல், முகத்தில் அடிக்கும் காற்று. அரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது! அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் மலைக்குப் போகிறார்கள். ஏற்றத்தில் வேகம் குறையும். ஒவ்வொருவராகப் பிரிந்து வருவார்கள். முகத்தைப் பார்க்கலாம், மூச்சிரைப்பைக் கேட்கலாம். ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துவேஸ் என்று ஓர் ஏற்றம். 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சில நாட்கள் முன்னதாகவே கூடாரம் அடித்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். தார்ச்சாலை முழுவதும் தங்களுக்குப் பிடித்தமானவரின் பெயரைச் சுண்ணாம்பிலும் பெயின்டிலும் எழுதி வைக்கிறார்கள்.

இந்த ரசிகர்கள் அன்பு செலுத்துவது ஜயித்தவரிடம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1913-ல் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவருக்கு வெற்றி வாய்ப்பு பிரகாசமாக இருந்தது. பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன்பக்க இரும்புக் கவை முறிந்து போயிற்று. பிறர் உதவி வாங்கக் கூடாது என்பது அந்நாளைய சட்டம். மனிதர் சைக்கிளைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமத்துக் கொல்லன் உலைக்குப் போய்ச் சேர்ந்தார். அதிகாரிகள் காவல் நிற்க, மணிக்கணக்காகத் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரி செய்தார். அப்போது ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்று அதற்கும் தண்டனை போட்டார்கள்! அவர் ஒருகாலும் அந்தப் பந்தயத்தை ஜயிக்கவில்லை. 1919-ல் முதல் மஞ்சள் சட்டையைப் போட்டுக் கொண்டவர் அவரே. அந்த வருஷமும் முடிவு நெருங்கிய சமயத்தில் அதே கவை முறிந்தது. அன்று அவரைத் தோற்கடித்தவர்களை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்தக் கொல்லன் உலை இருந்த ஊரில் கிறிஸ்டோஃபின் பெயர்தான் நிற்கிறது.

கடைசியாக வருகிறவருக்கும் ஒரு பட்டம் உண்டு: 'சிவப்பு விளக்கு.' ரயிலின் கடைசி வண்டியில் தொங்குமே, அந்த விளக்கு. அவர் வரும் வரையில் காத்திருந்து கைதட்டிவிட்டுத்தான் நல்ல ரசிகர்கள் மலையைவிட்டு இறங்குவார்கள்.

எல்லோரிலும் அதிகமாக நேசிக்கப்பட்டவர் ரேமோன் பூலிடோர். குடியானவக் குடும்பத்துப் பிள்ளை. 1962-க்கும் 1976-க்கும் இடையில் 14 தடவை கலந்து கொண்டு, மூன்று தடவை இரண்டாவதாகவும் ஐந்து தடவை மூன்றாவதாகவும் வந்தார். மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூட அணிந்ததில்லை. ஐந்து தடவை ஜயித்த ஜாக் ஆன்க்தில் பக்கம் பாதி தேசம், பூலிடோர் பக்கம் பாதி தேசம். 1964-ல் புய் த டோம் என்ற பழைய எரிமலையின் ஏற்றத்தில் இருவரும் முழங்கையோடு முழங்கை உரசிக் கொண்டு ஏறினார்கள். இருபுறமும் லட்சக்கணக்கான ஜனங்கள். கடைசியில் பூலிடோர் முந்தினார். ஆனாலும் மஞ்சள் சட்டை 14 விநாடி வித்தியாசத்தில் ஆன்க்திலிடமே தங்கிவிட்டது.

இப்படிக் கை எட்டும் தூரத்தில் நிற்பதுதான் இந்த விளையாட்டின் பெருமை. ஆபத்தும் அதுவே. 1904-லேயே, இரண்டாவது பந்தயத்திலேயே, ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளை முந்த வேண்டும் என்று இருட்டில் மறித்து மற்றவர்களை அடித்தார்கள்; துப்பாக்கி வெடித்துத்தான் கலைக்க வேண்டியிருந்தது. 1975-ல், அதே புய் த டோம் மலையில், ஐந்து தடவை ஜயித்த எடி மெர்க்ஸின் விலாவில் ஒரு பார்வையாளர் ஓங்கிக் குத்தினார். மெர்க்ஸ் ஓட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டு நாளில் மஞ்சள் சட்டை கைமாறிற்று. மறுபடி அது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

விரோதம்தான் வேண்டும் என்பதில்லை. அன்பே போதும் கெடுதல் செய்ய. 2021 ஜூன் 26-ந் தேதி, பந்தயத்தின் முதல் நாள். பிரிட்டனிப் பகுதியில் ஒரு பெண்மணி, தாத்தா பாட்டியை வாழ்த்தி எழுதிய அட்டையை டெலிவிஷனில் தெரியும்படி நீட்டிக் கொண்டு நின்றாள். சைக்கிள்கள் வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றாள். டோனி மார்ட்டின் என்பவர் அந்த அட்டையில் மோதி விழ, அவர் மேல் ஒருவர், அவர் மேல் ஒருவர் என்று சாலை நிறைய மனிதர்களும் இரும்பும் குவிந்துவிட்டன. பிற்பாடு நீதிமன்றம் அவளுக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது. வீட்டுப் பெரியவர்கள் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அதில் என்ன தவறு? ஒரு முழம் பின்னால் நின்றிருக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் நடந்ததைக் கேளுங்கள். அதே பிரிட்டனியில் ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில் மத்தியூ வான் டெர் பூல் என்ற வாலிபர் முதலாவதாக வந்து, விரலை வானத்தை நோக்கிக் காட்டினார். அன்று மஞ்சள் சட்டை அவருக்கு. அவர் வேறு யாருமல்ல. பூலிடோரின் மகள் வயிற்றுப் பேரன்! தாத்தா 2019 நவம்பரில் காலமாகிவிட்டார். பதினாலு பந்தயத்தில் தாத்தாவுக்குக் கிட்டாத சட்டையைப் பேரன் தன்னுடைய முதல் பந்தயத்தின் இரண்டாம் நாளே போட்டுக் கொண்டு தேம்பி அழுதார். சாலையோரத்தில் நின்ற கிழவர்களும் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள் என்றால் ஆச்சரியம் என்ன? தாத்தாவை நினைத்த இரண்டு பேர், அடுத்தடுத்த இரண்டு நாட்கள்!

பந்தயக்காரர்களும் ரசிகர்களை ஏமாற்றியதுண்டு. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு தடவை ஜயித்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங், தடை செய்த மருந்துகளை உட்கொண்டார் என்று 2012-ல் ஏழு வெற்றிகளையும் பறித்துவிட்டார்கள். அந்த ஏழு வருஷங்களுக்கும் இன்று ஜயித்தவர் பெயரே இல்லை, காலி இடம்தான். மழையில் நனைந்து அவருக்காகக் கூவியவர்களுக்கு அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? ஆனாலும் அடுத்த ஜூலையில் மலைகளில் கூட்டம் குறைந்துவிடவில்லை. ஜனங்கள் அந்தச் சாலைக்கு ஒருவருக்காக மட்டும் வருவதில்லை.

பெண்களுக்கும் இந்தப் பந்தயம் உண்டு. 1984 முதல் 1989 வரை நடந்து நின்று போயிற்று. பெண்கள் மலை ஏறுவதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2022-ல் மறுபடி ஆரம்பித்தபோது, 39 வயதான அன்னெமிக் வான் ஃப்ளூட்டன் ஜயித்தார். 2024-ல் கடைசி நாள் ஓட்டம் ஆல்ப் துவேஸ் மலையில். டெமி வோலரிங் முதலாவதாக வந்து சேர்ந்தார். பிறகு எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு நின்றார்கள். காசியா நிவியாதோமா கடைசி மூச்சைப் பிடித்துக் கொண்டு வந்து சேர்ந்தார். எட்டுக் கட்டங்களையும் கூட்டிப் பார்த்தால், நாலே நாலு விநாடியில் பந்தயம் நிவியாதோமாவுக்கு! பால் பொங்கி வழிவதற்குள் அடுப்பை அணைக்கிற நேரம். 2025-ல் போலின் ஃபெரான் பிரேவோ என்ற பிரெஞ்சுப் பெண்மணியே ஜயித்தபோது சாலையோரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

2023-ல் பந்தயம் மறுபடியும் புய் த டோம் மலைக்குப் போயிற்று. அந்த எரிமலைப் பிரதேசத்தின் இயற்கையைக் காப்பதற்காகக் கடைசி நாலு கிலோமீட்டரில் ரசிகர்களை அனுமதிக்கவில்லை. அடிபட யாருமில்லை, அடிக்கவும் யாருமில்லை. சைக்கிள்கள் மட்டும் நிசப்தமாக ஏறின. பத்திரமான ஏற்றம்தான். ஆனால் 1964-ல் லட்சம் பேர் நின்ற இடத்தில் அந்த மௌனத்தைப் பார்த்தவர்களுக்கு, கல்யாணப் பந்தலில் மேளம் நின்று போனதுபோல் இருந்தது.

அந்த மேளம் நிற்காமல் இருக்க வேண்டுமானால் ரசிகர்கள்தான் மனது வைக்க வேண்டும். அடுத்த ஜூலையில், நம் ஊர் நேரப்படி இராச் சாப்பாட்டு வேளைக்கு அன்றைய ஓட்டம் முடிகிற சமயம், டெலிவிஷனில் அகப்பட்டால் பாருங்கள். முன்னால் போகிறவரைப் பார்த்தபின் சாலையோரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஆயிரம் கைகள் நீளும். சைக்கிள் கிட்டே வந்ததும் அத்தனை கைகளும் சடக்கென்று பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலை நம்பித்தான் அவர்கள் தலையைக் குனிந்து கொண்டு மிதிக்கிறார்கள்.