பாம் செடிக்குத் தாகமா? தண்ணீரே பகையா?

தொட்டியில் இருக்கும் பாம் செடியின் ஓலை பழுப்பாகிறது. உடனே வீட்டில் என்ன செய்கிறார்கள்? இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள்!

செடிக்குத் தாகம் என்று நினைப்பு. பல வீடுகளில் அந்தச் செடி சாவதே தண்ணீரால்தான்.

"கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. தொட்டியில் ஒரு கறுப்புக் கயிறு ஏறும். அதற்கும் கேட்காவிட்டால் கடையில் இருந்து உரம் வரும். பணம் போகும். கடைசியில் செடியும் போகும்.

கண்ணும் அல்ல, காற்றும் அல்ல. காரணம் பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது.

தென்னைக்கு உறவு

வீடுகளில் அதிகம் வளர்ப்பது "அரிக்கா பாம்". இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஒரே தொட்டியில் பல தண்டுகள் கொத்தாக வளரும். தென்னைக்கும் பனைக்கும் உறவுதான்.

ஆகவே, தென்னையை அறிந்தவர்களுக்கு இதன் குணம் புரியும். அடி ஓலை ஒன்று காய்ந்தால் பயம் இல்லை. காவோலை விழும், குருத்தோலை வரும். குருத்து பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்தால் குருத்து அழுகிக் கையோடு வந்துவிட்டால், அந்தத் தண்டு பிழைக்காது. பக்கத்துத் தண்டுகளைக் காப்பாற்றலாம்.

விரல் சொல்லும்

மண்ணில் 2 அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மண் எப்போதும் சேறாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீருக்கு நடுவிலேயே ஓலை காய்கிறது!

அப்படியானால் செடியை மண்ணோடு வெளியே எடுக்க வேண்டும். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் நட வேண்டும். அடியில் ஓட்டை இல்லாத அழகுத் தொட்டி எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

உப்புத் தண்ணீர்

ஓலை பச்சையாக இருக்கிறது. நுனி மட்டும் கருகுகிறது. மண்மேல் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. இது உப்பின் வேலை.

ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. செடி உறிஞ்சும் தண்ணீர் ஓலை வழியாக ஆவியாகிவிடும். உப்பு நுனியில் தங்கிவிடும். அந்த நுனிதான் முதலில் கருகும்.

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். வீணாகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிக்கும் தண்ணீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தானே இருக்கிறது! அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். தொட்டிப் பாமுக்கு அது ஆகாது.

ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அதை ஊற்றலாம். மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் மேல். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானது. சேகரித்த தண்ணீரில் இரண்டு வாளி செடிக்கும் கிடைக்கட்டும்.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அடி ஓட்டை வழியாக வழிந்து ஓட விட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். ரசாயன உரமும் ஒருவகை உப்புதான். நோயாளிச் செடிக்கு அதைப் போடுவது, காய்ச்சல்காரனுக்கு விருந்து வைப்பது போல.

செடி விற்பவர்கள் இதை வாங்கும்போதே சொல்லலாம். செத்தால் இன்னொன்று விற்கும் என்று நினைப்பது நல்ல வியாபாரம் அல்ல.

கத்தரிக்கோல் ஜாக்கிரதை

அடி ஓலைகளில் மஞ்சள் புள்ளி விழுந்து நுனி சுருண்டால், பொட்டாசியம் சத்துக் குறைவாக இருக்கலாம். அழகு கெடுகிறது என்று அந்த ஓலையை வெட்டக் கூடாது. அதில் மிஞ்சிய சத்தை எடுத்துத்தான் செடி குருத்துக்குக் கொடுக்கிறது. முழுதும் காய்ந்த பிறகு வெட்டலாம்.

வீட்டுக்குள் வளர்ந்த செடியைத் திடீரென்று மே மாத வெயிலில் வைத்தாலும் ஓலை வெந்துவிடும். ஓலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் குறையும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. புதிதாக விரியும் ஓலை பச்சையாக இருந்தால் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம். பாம் மெதுவாக வளரும் செடி. அது தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.