மன்னார்க் கிணறுகள் விடுக்கும் எச்சரிக்கை

உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. உள்நாட்டிலேயே தொற்றுக்குள்ளான கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டிருந்தார். 1934-35 காலப்பகுதியில் சுமார் 80 ஆயிரம் உயிர்களைக் காவுகொண்ட நோயொன்று, யுத்தத்தின் இடர்களையும் தாண்டி ஒழிக்கப்பட்டமை நமது பொதுச் சுகாதார சேவையின் மகத்தான சாதனை என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை.

ஆயினும், அதே ஆண்டு டிசெம்பரிலேயே மன்னார்க் கிணறுகளில் ‘அனோபிலிஸ் ஸ்டெபென்சி’ என்ற நுளம்பின் குடம்பிகள் கண்டறியப்பட்டன. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு அதற்கு முன்னர் இங்கு காணப்பட்டதில்லை. பின்னர் யாழ். குடாநாட்டிலும் அது கண்டறியப்பட்டது.

முன்னர் இங்கு மலேரியாவைப் பரப்பிய நுளம்பு, ஆறுகள் வற்றும்போது எஞ்சும் குட்டைகளில் பெருகியது. புதிய நுளம்போ கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுகின்றது. கிணற்று நீரையே நம்பி வாழும் வடபகுதி மக்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானதாகும்.

நுளம்பு மாத்திரம் நோயை உண்டாக்கிவிடாது. அது நோயாளி ஒருவரைக் கடிக்கவும் வேண்டும். தொழில், வர்த்தகம் நிமித்தம் ஆபிரிக்க நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் சென்று திரும்புவோரில் சிலர் ஆண்டுதோறும் இந்நோயுடனேயே வந்து சேருகின்றனர். இவர்கள் காய்ச்சலென வைத்தியரை நாடும்போது, டெங்குவைத் தேடும் அளவுக்கு மலேரியாவை எவரும் தேடுவதில்லை. மலேரியா நோயாளியைக் கண்டேயிராத இளம் வைத்தியர்களைக் குறைகூறிப் பயனில்லை. வெளிநாடு சென்று வந்ததை நோயாளியே முந்திக்கொண்டு சொல்லியாக வேண்டும். பயணத்துக்கு முன்னர் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகவே வழங்குகின்றது. இத்தகவலை வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பின்னரும், ஆலயங்கள், தேவாலயங்களிலும் அறிவித்தால் சுவரொட்டிகளைவிடப் பலன் கிட்டும்.

அலட்சியத்தின் விலை நாம் அறியாததல்ல. 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகளே பதிவாகினர். நோய் ஒழிந்துவிட்டதென்ற நம்பிக்கையில் மருந்து தெளிக்கும் பணிகள் கைவிடப்பட்டன. விளைவு, 1968-69 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயாளிகள் இல்லாத நோய்க்கு நிதி ஒதுக்க எந்த அரசும் தயங்கவே செய்யும். 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்ற நிலையில் இத்தயக்கம் மேலும் ஆபத்தானது.

பாவனையிலுள்ள கிணறுகளை வலையிட்டு மூடலாம். குடம்பிகளை உண்ணும் மீன்களை விடலாம். ஆனால், உரிமையாளர் இல்லாத வளவுகளிலுள்ள கிணறுகளை யார் பார்ப்பது? யுத்தத்தால் புலம்பெயர்ந்த தமிழர்களின் காணிகளும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இன்னும் முழுமையாக மீளக் குடியேறாத முஸ்லிம்களின் காணிகளும் வடக்கெங்கும் பற்றைமண்டிக் கிடக்கின்றன. உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்தபின் ஈராண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. 2025 மே மாதத் தேர்தலின் மூலம் இப்போது மன்றங்கள் மீள அமைந்துள்ளன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுடனும் கிராம அலுவலர்களுடனும் இணைந்து இக்கைவிடப்பட்ட கிணறுகளைக் கணக்கெடுப்பதை அம்மன்றங்கள் அடுத்த மாரிக்கு முன்னரே ஆரம்பிக்க வேண்டும்.