அருகில் வந்து பேசுங்கள்



மாதந்தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்துவந்த முதியவர் ஒருவர் சென்ற தவக்காலத்தில் வரவேயில்லை. பக்தி குன்றிவிட்டதோ என்று எண்ணினேன். அவர் இல்லம் சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. "சாமி, நீங்கள் கொடுக்கும் பரிகாரம் என் காதில் விழுவதில்லை. திரும்பக் கேட்டால் நீங்கள் உரக்கச் சொல்வீர்கள். வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்குமே!" என்றார். குறை அவருடைய பக்தியில் இல்லை. என் அவசர முணுமுணுப்பில் இருந்தது.

அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் 30 ஆண்டுகளுக்கு மேல் பிரஸ் இயந்திரத்தின் முன் நின்றவர். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நெடுங்காலம் உழைப்பவரின் உட்செவியில் நுண்மயிர் அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவன கூர்மையான ஒலிகள். ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது. 'பால்' என்றதும் 'கால்' என்றதும் ஒன்றுபோல் ஒலிக்கும். இதை அறியாத வீட்டார், "வேண்டியது மட்டும் இவருக்குக் கேட்கிறது" என்று கேலி செய்கின்றனர். அவரோ நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இத்தகைய மௌனம் குடிகொண்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

முதியவரிடமிருந்து உறவைப் பறிக்கும் இக்குறை, குழந்தையிடமிருந்து மொழியையே பறித்துவிடும். செவி கேளாத குழந்தையும் சிரிக்கும். மழலை பேசத் தொடங்கும். பின்னர் அம்மழலை வளராமல் அடங்கும். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் கூறுவார். அதற்குள் மொழி வேரூன்றும் முதல் மூன்றாண்டுகள் கழிந்துவிடும். தாய்மார்களே, ஐயம் எழுந்த அன்றே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தகுதியுள்ள குடும்பங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. பள்ளிப் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியர் 'மந்தன்' என்று கடிந்துகொள்ளும் பிள்ளை, கடைசி வரிசையில் பாடம் கேளாமல் தவிக்கும் பிள்ளையாக இருக்கலாம்.

சைகை மொழியில் வளரும் பிள்ளையும் எவ்வகையிலும் தாழ்ந்தவரல்லர். பிறவியிலேயே செவித்திறனற்ற அருட்தந்தை ஜோசப் தேர்மடம் 2024-ஆம் ஆண்டு கேரளத்துத் திருச்சூரில் குருப்பட்டம் பெற்றார். அவர் கைகளே இன்று நற்செய்தி பேசுகின்றன.

செவிடரும் திக்குவாயருமான ஒருவரை நம் ஆண்டவர் குணமாக்கியதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் கூறுகிறது. ஆண்டவர் அவரைத் தூரத்திலிருந்து கூவி அழைக்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலிலிருந்து தனியே அழைத்துச் சென்றார். அவர் காதுகளைத் தொட்டார். அதன் பின்னரே 'எப்பத்தா' என்னும் சொல் பிறந்தது. முதலில் அருகாமை, பிறகு சொல்! நாமோ அடுக்களையிலிருந்து கத்துகிறோம். கேட்கவில்லையென்றால், "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்கிறோம். காது கேளாதவரை இதைவிட நோகச் செய்யும் சொல் வேறில்லை.

எனவே, பேசுமுன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே அமர்ந்து, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். மூக்குக் கண்ணாடி அணிய நாணாத நாம் காதுக் கருவிக்கு ஏன் நாணவேண்டும்?

நானும் திருந்திக்கொண்டேன். இப்போது சனிக்கிழமை மாலையில் காது கேளாதோருக்குத் தனி அறையில் பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன். விரும்புவோர் மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் இந்த அருட்சாதனத்தைப் பெறலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 990. மொழிபெயர்ப்பவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. அந்தப் பெரியவர் முதல் வாரமே வந்தார். எழுந்து செல்லும்போது, "இன்று எல்லாம் கேட்டது, சாமி" என்றார்.

இன்றிரவு குடும்பச் செபமாலையின்போது தாத்தாவை மூலையில் விட்டுவிடாதீர்கள். நடுவில் அமர்த்துங்கள், ஒரு பத்துமணியை அவரே முன்மொழியட்டும். பிறர் குரல் அவருக்குக் கேளாமற் போகலாம். அவர் குரல் உங்கள் வீட்டில் கேட்கட்டும்.