துளை விழாத பத்திரங்கள்

அமெரிக்க மேற்கின் சுரங்க மாவட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட கடன் பத்திரங்களைச் சேகரிப்போரிடையே விசித்திரமான மதிப்பீடு ஒன்று நிலவுகிறது. ரத்துத் துளைகள் இல்லாமல், வட்டிச் சீட்டுகள் கத்தரிக்கப்படாமல் இருக்கும் பத்திரமே உயர்வானது, துளையிடப்பட்டது மட்டம். துளை விழுந்ததென்றால் கடன் தீர்ந்தது. வெளியிடப்பட்ட பத்திரத்தில் வட்டிச் சீட்டுகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் யாரோ பணம் கிடைக்காமல் நின்றார் என்று பொருள். நாணயம் தவறியதன் தடயத்தை ‘முழுமை’ என்று கொண்டாடுவதை ரசனையின் பெயரால் ஏற்பதற்கில்லை.

அழகுக்காகச் சேகரித்தால் என்ன குற்றம் என்பார்கள். எஃகுத் தகட்டில் செதுக்கிய ரயில் எஞ்சினும் சுரங்கத் தொழிலாளியும் கள்ள அச்சைத் தடுக்கவும், தொலைவிலிருந்த முதலீட்டாளருக்கு நம்பிக்கையூட்டவும் அச்சிடப்பட்டவை. அந்த மயக்கு வேலை இன்றும் நடக்கிறது. சித்திரத்தின் கீழுள்ள வாசகத்தை எவரும் படிப்பதில்லை.

படித்திருந்தால் கொலராடோவின் கதை தெரிந்திருக்கும். வெள்ளியால் பெருத்த லெட்வில் நகரம் லேக் மாவட்டத்தில் இருக்கிறது. 1876ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, வரிக்குரிய சொத்தின் மதிப்பை வைத்து மாவட்டங்களின் கடனுக்கு உச்சவரம்பு விதித்தது. அதே அரசியலமைப்பு, நிகர வருவாயும் மேற்பரப்புக் கட்டுமானமும் நீங்கலாக, தங்க, வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பத்தாண்டு வரிவிலக்கும் அளித்தது. செல்வம் பூமிக்கடியில், வரி அதன் மேலிருந்த கடைகளுக்கும் வீடுகளுக்கும்! மாவட்டம் வரம்பை மீறிக் கடன்பட்டது. 1889இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திரங்கள் செல்லாதென்றது: வரம்பு மீறப்படவில்லை என்ற உறுதிமொழி அவற்றில் இல்லை, வாங்கியவரே மாவட்டப் பதிவேடுகளைப் பார்த்திருக்க வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கொடுத்த வாரண்டுகளுக்கும் அதே கதி. (வாரண்ட் என்றதும் நமக்குக் கைது நினைவுக்கு வரும், அங்கே அது கருவூலத்துக்கு எழுதும் பணவாணை.)

1879இல் லேக்கிலிருந்து பிரிந்த சாஃபி மாவட்டத்தின் பத்திரங்களில் அந்த உறுதிமொழி அச்சாகியிருந்தது. 1892இல் அதே நீதிமன்றம், இவ்வாறு எழுதிக் கொடுத்தபின் மாவட்டம் மறுக்க முடியாதென்று தீர்த்தது. ஒரு வாக்கியம் இருந்தவர் பிழைத்தார், இல்லாதவர் முழுகினார். இலக்கியம் படிப்பவர்களாவது இதைப் பொருட்படுத்த வேண்டாமா?

அரிசோனாவின் கதை இன்னும் விபரீதம். டூசானிலிருந்து குளோப் சுரங்கப் பகுதிக்குக் குறுகிய பாதை ரயில் போட, 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீமா மாவட்டம் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அந்த ரயில் குளோப் போய்ச் சேரவேயில்லை. 1894இல் உச்ச நீதிமன்றம் பத்திரங்கள் செல்லாதென்றது. 1896இல் அமெரிக்க காங்கிரஸ் செல்லுமென்று சட்டமியற்றியது. 1899இல் நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. வராத ரயிலுக்கான கடன் மக்கள் தலையில் ஏறியது. அரிசோனாவை மாநிலமாக்க வழிவகுத்த 1910ஆம் ஆண்டுச் சட்டம், பீமா உள்ளிட்ட நான்கு மாவட்டங்களின் இத்தகைய பத்திரக் கடனை அடைக்கவென்றே பத்து லட்சம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது.

தாளின் மடிப்பையும் மையின் பொலிவையும் நுணுக்கமாக விவரிக்கும் ஏலப் பட்டியல்கள், இந்தக் கடன் கடைசியில் அடைக்கப்பட்டதா, யார் அடைத்தார்கள் என்று இன்னும் இரண்டு வரி எழுதட்டும். எழுதினால் விலை இறங்குமென்றால் இறங்கட்டும்.