கூடும் உரிமையா, சுடும் உரிமையா?

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் காலைப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு தோழர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாழைத்தார் சுமப்பவர் ஒருவர், நடவுக்குப் போகிறவர் ஒருவர், லாரி ஓட்டுபவர் ஒருவர், வேலையில்லாத படித்த பிள்ளை ஒருவர். அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவுக்கு வரம்பு கட்டிய சட்டத்தை எதிர்த்து வழக்கு என்றொரு செய்தியைப் பிள்ளை படித்துக் காட்டினார். "குடமுருட்டியில் தண்ணீர் எப்போது வரும் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எவனோ சீமையில் துப்பாக்கிக்கு வழக்காடினால் நமக்கென்ன தம்பி?" என்று கேட்டார் வாழைத்தார் சுமப்பவர்.

நியாயமான கேள்வி. நமக்கு என்ன என்பதைச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். அது பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்கிறது கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம். துப்பாக்கியே கூடாது என்று அது சொல்லவில்லை. பத்துச் சுட்டு முடித்தால், நிறுத்திப் பெட்டியை மாற்றிக்கொள் என்கிறது, அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டிலேயே பெரிய பெட்டிகளின் விற்பனை தடுக்கப்பட்டது. 2016-ல் அந்த மாநிலத்து மக்களே வாக்களித்து, அவற்றை வைத்திருப்பதும் குற்றம் என்றார்கள்.

மக்கள் தீர்ப்பளித்தார்கள், துப்பாக்கிப் பிரியர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள்! 2019-ல் சான்டியாகோ நகரத்து நீதிபதி ஒருவர் சட்டம் செல்லாது என்றார். 2023-ல் அவரே மறுபடியும் செல்லாது என்றார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பேராயம் ஏழுக்கு நாலு என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. வாஷிங்டன் மாநிலத்திலும் இதே கதை. 2022-ல் சட்டம் வந்தது. 2024-ல் கீழ்க்கோர்ட்டு அதைத் தள்ளியது. 2025 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது.

எந்த ஆதாரத்தின் மேல் இந்த வழக்காட்டம்? 1791-ல் அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தத்தின் மேல். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அது பேசுகிறது. அது தனி மனிதனின் உரிமை என்று 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. துப்பாக்கிக்கு எந்தக் கட்டுப்பாடு போட்டாலும் அது நாட்டின் பழைய மரபோடு பொருந்த வேண்டும் என்று 2022-ல் இன்னும் ஒரு படி மேலே போனது.

பழைய மரபாம்! 1791-ல் இருந்த துப்பாக்கி எது? குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, ஒரு தடவை சுட்டுவிட்டு, மறுபடியும் இடிக்க வேண்டிய துப்பாக்கி. அந்தக் காலத்து மரபைக் காட்டி, மூச்சு விடுமுன் முப்பது தோட்டா உமிழும் பெட்டிக்கு உரிமை கேட்கிறார்கள். இது என்ன நியாயம்?

ஒரு பெட்டியில் பத்தா, முப்பதா என்பது வெறும் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2011 ஜனவரி 8-ஆம் நாள் அரிசோனா மாநிலம் டூசான் நகரில், கேப்ரியல் கிஃபர்ட்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் ஒரு கடை வாசலில் தம் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். குறை சொல்ல வந்தவர்கள், கைகுலுக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த ஒன்பது வயதுச் சிறுமி! அங்கே வந்தான் ஒருவன். அவன் கையில் சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கி; அதில் முப்பத்து மூன்று தோட்டாப் பெட்டி. ஆறு பேர் மாண்டார்கள், அந்தச் சிறுமியும் மாண்டாள். பதின்மூன்று பேர் காயமடைந்தார்கள். பெட்டி காலியாகி அடுத்ததை மாற்ற முயன்றபோதுதான், கூட்டத்தில் இருந்தவர்கள் பாய்ந்து அவனை அமுக்கினார்கள்.

தோழர்களே, அந்த ஒரு கணத்தை நினைத்துப் பாருங்கள். சுடுகிறவன் நிறுத்தும் அந்த இடைவெளியில்தான் நிராயுதபாணியின் உயிர் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு கணம். நாலு பேர் சேர்ந்து கையைப் பிடிக்க ஒரு கணம். அந்தக் கணம் பதினோராவது தோட்டாவுக்கு முன்னால் வர வேண்டும் என்கிறது சட்டம். முப்பத்து மூன்றுக்குப் பிறகு வரட்டும் என்கிறான் வழக்காடுகிறவன்.

"திருடன் சட்டத்தை மதிப்பானா? யோக்கியன் கையைத்தானே கட்டுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். டூசானில் சுட்டவன் வாங்கியது கள்ளத் துப்பாக்கி அல்லவே! வரம்பு கட்டினால் எல்லாக் கொலையும் நின்றுவிடும் என்று நாமும் சொல்லவில்லை. கரை போட்டால் வெள்ளமே வராது என்று எந்தக் குடியானவன் சொன்னான்? வருகிற வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் கரை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியன் கையிலிருந்த ஆயுதத்தைப் பறித்தான். தன் இனத்தானுக்கு விலக்குக் கொடுத்தான். அந்த அவமானத்தின் ஆத்திரத்தில், 1931-ல் கராச்சி காங்கிரசு போட்ட தீர்மானத்திலேயே ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம் பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை.

அதற்குப் பதில் நமக்குக் கிடைத்தது என்ன? அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூடும் உரிமை! அமெரிக்கன் துப்பாக்கிக்கு உரிமை எழுதி வைத்தான். நம் முன்னோர் கூட்டத்துக்கு உரிமை எழுதி வைத்து, துப்பாக்கியை வெளியே நிறுத்தினார்கள். சங்கம் வைப்பவனுக்கு, ஊர்வலம் போகிறவனுக்கு, கூலி உயர்வு கேட்டுக் களத்துமேட்டில் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய சொத்து உண்டா?

துப்பாக்கி லைசென்சு உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 1993-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. அதே நீதிமன்றத்தின் முழு ஆயம் பிறகு அதை ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் இருப்பது போன்ற ஆயுத உரிமையை நம் அரசியல் சட்டம் யாருக்கும் தரவில்லை என்று 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் இந்தத் தோட்டாப் பெட்டி வருகிறது. விசையை அழுத்தினால், கையை எடுக்கும் வரையிலோ பெட்டி காலியாகும் வரையிலோ தொடர்ந்து சுடும் துப்பாக்கியை அது தடை செய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டுமா? வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கேள் என்கிறது. ஒருவன் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1983-ல் திருத்தினார்கள். 2019-ல் அதை ஒன்றாக்க மசோதா வந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் இரண்டு என்று முடித்தார்கள். ஒன்று போதாது என்று வாதாடியவர்கள் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்!

ஏன் மறக்கக் கூடாது? கல்லணையில் பிரிகிற தண்ணீர் நம் ஊரைத் தாண்டி, கடைசியாகப் போய்ச் சேரும் கீழத்தஞ்சையைக் கேளுங்கள். கீழ்வெண்மணியைக் கேளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் அதுதான். துப்பாக்கிச் சூடு நடந்தது. பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த நாற்பத்து நாலு பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, உயிரோடு எரிந்தார்கள். 1970-ல் நாகப்பட்டினம் கோர்ட்டு, நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோருக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் அவ்வளவு தூரம் நடந்து போய்த் தாங்களே தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினமாம்!

கூடியவன் கையில் கொடி இருந்தது. எதிரே துப்பாக்கி இருந்தது. கூடும் உரிமையும் சுடும் உரிமையும் ஒரே ஊரில் எதிரெதிரே நின்றால், எது எரியும் என்பதை வெண்மணி காட்டியது.

இதிலும் ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. துப்பாக்கிச் சட்டம் ஏழையைத்தானே முதலில் பிடிக்கும்? உண்மை. லைசென்சு பங்களாவுக்கு எளிதாகப் போகிறது, குடிசைக்குப் போவதில்லை. அதற்கு மருந்து குடிசைக்கும் ஒரு துப்பாக்கி கொடுப்பதா? இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி இருந்தால், அதிகத் தோட்டா வாங்கப் பணம் உள்ளவனே வெல்வான். பங்களாவின் லைசென்சைக் கேள்வி கேட்பதே மருந்து. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்றால் லைசென்சை நிறுத்தவும் ரத்து செய்யவும் சட்டத்தின் 17-வது பிரிவு அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. கூலித் தகராறும் சாதிப் பகையும் புகைகிற ஊர்களில் அந்த அதிகாரம் ஏட்டில் தூங்கலாகாது. லைசென்சு புதுப்பிக்கும்போது அந்த ஊர் உழைக்கும் மக்களையும் அதிகாரிகள் விசாரிக்க வேண்டும். இரண்டு என்ற வரம்பை யாராவது தளர்த்த வந்தால், அன்றே நாம் தெருவில் நிற்க வேண்டும். ஆயுதம் இல்லாமல், ஆயிரம் பேராக!

நமக்கென்ன என்று கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான். கலிபோர்னியாவில் காப்பாற்றப்பட்ட அந்த ஒரு கணம், நாளை கூலி கேட்டுக் களத்தில் நிற்கும் உங்களுக்கும் வேண்டியது. குடமுருட்டியில் தண்ணீர் வரும், நடவு வரும், கூலிப் பேச்சும் வரும். அன்று நாம் கூடுவோம், குழந்தை குட்டிகளோடு கூடுவோம். எதிரே துப்பாக்கி இல்லை என்ற உறுதியோடு கூடுவோம்!